பெட்டியைக் கண்டால் முகம் திருப்பும் மகள்

கேள்வி: என் அம்மா இரண்டு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு அவரையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். டயப்பர், களிம்பு, படுக்கை விரிப்பு முதல் புத்தகம், பேனா வரை எல்லாவற்றையும் ஒரே பெரிய ஆன்லைன் நிறுவனத்தில்தான் வாங்குகிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வாசலில் பெட்டி இறங்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதில் எத்தனை பேர் முதுகு ஒடிந்ததோ" என்கிறாள். ஒரு வருடத்துக்கு அங்கே எதுவும் வாங்கமாட்டேன் என்று என்னைச் சபதம் செய்யச் சொல்கிறாள். கோபமும் வருகிறது, குற்ற உணர்வும் வருகிறது. நான் செய்வது தவறா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் டயப்பரைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். எழுந்து நடமாட முடியாத தாய்க்குத் தேவையானதை வாசலுக்கே வரவழைப்பதில் ஒரு தவறும் இல்லை. அதற்காக நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, மகளுக்கும்கூட. நீங்கள் கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும் என்றால், அந்த ஒரு மணி நேரம் அம்மாவின் பக்கத்தில் இருக்க இன்னொருவர் வேண்டும். ஆன்லைன் வியாபாரத்தின் நன்மை என்ன என்று கேட்டால் பலரும் விலைக் குறைவைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கடையின் நான்கு படி நான்கு மலை. பார்வையற்றவர் ஒருவர், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு, யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்து வாங்குகிறார். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் வாய்விட்டுக் கேட்கக் கூசும் பொருளைக் கூச்சம் இல்லாமல் வாங்க முடிகிறது. அந்தக் கௌரவத்துக்கு ஈடாகத் தள்ளுபடி எதையும் நான் வைக்கமாட்டேன்.

ஆனால் உங்கள் மகள் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. நீங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் அமேசானை எடுத்துக்கொள்கிறேன், அதைப் பற்றித்தான் வழக்குகளும் விசாரணைகளும் நிறையப் பதிவாகியிருக்கின்றன. 2021 மார்ச்சில், தன் ஊழியர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்ற புகாரை அந்த நிறுவனம் ட்விட்டரில் ஏளனமாக மறுத்தது. பத்து நாளைக்குள், டெலிவரி ஓட்டுநர்களுக்கு அந்த நிலைமை வருவதுண்டு என்று ஒப்புக்கொண்டு, தான் ஏளனம் செய்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரிடம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் பெரிய கிடங்குகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. சாப்பாட்டு இடைவேளையையும் கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் விழுங்கிவிடும் அளவுக்கு ஊழியருக்கு வேலை இலக்கு வைக்கக் கூடாது என்கிறது அது. இதையெல்லாம் சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டிய நிலை வந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுபக்கத்தையும் மகளுக்குச் சொல்லுங்கள். 2018இல் இதே நிறுவனம் அமெரிக்காவில் தன் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தியது. அந்த நாட்டின் மத்தியச் சட்டம் கேட்டது 7.25 டாலர்தான். சிறிய கடை என்றாலே நல்ல முதலாளி என்று நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. நாள் முழுக்க உட்கார விடாமல், சம்பள ரசீது என்ற ஒன்றைக் கண்ணில் காட்டாமல் ஆள் வைத்திருக்கும் சிறிய கடைகளும் உலகம் முழுக்க உண்டு. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க நிருபரும் போவதில்லை, தொழிற்சங்கமும் போவதில்லை.

சிறு வியாபாரிகளின் கதை இன்னும் சிக்கலானது. அமேசானில் விற்பனையாகும் பொருள்களில் பாதிக்கு மேல் அதனுடையவை அல்ல, அங்கே இடம் பிடித்து விற்கும் வேறு வியாபாரிகளுடையவை. எங்கோ ஒரு மூலையில் பொம்மை செய்கிறவர் கண்டம் தாண்டி வாடிக்கையாளரைப் பிடிக்கிறார் என்றால் அது இந்தச் சந்தையின் புண்ணியம். அதே சந்தைக்காரர் அவருக்குப் போட்டியாகத் தன் பொம்மையையும் விற்கிறார், எந்தப் பொம்மை நன்றாக ஓடுகிறது என்ற கணக்கும் அவர் கையில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் இந்தக் கணக்கைப் பற்றித்தான் குடைந்து கேட்டது. வெளியில் தெரியாத விற்பனைத் தகவல்களைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்று 2022 டிசம்பரில் அமேசான் உறுதி கொடுத்தது. சீனாவில் ஆன்லைன் சந்தை நடத்தும் அலிபாபா நிறுவனத்தின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. எங்களிடம் விற்றால் போட்டிச் சந்தையில் விற்கக் கூடாது என்று வியாபாரிகளை நெருக்கியதற்காக 2021இல் அந்த நாட்டு அரசு 1,820 கோடி யுவான் அபராதம் விதித்தது.

இந்த இரண்டிலும் உங்கள் பர்ஸுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. ஆணையமும் அரசும் செய்ய வேண்டியதை நீங்கள் பேனா வாங்காமல் இருந்து செய்ய முடியாது. சட்டத்துக்கே அது எளிதாக இல்லை. புத்தகங்களை இலவசமாக அனுப்பி வைக்கும் வழக்கம் புத்தகக் கடைகளை அழிக்கிறது என்று 2014இல் பிரான்ஸ் அதைத் தடை செய்தது. இலவசம்தானே கூடாது என்று அமேசான் ஒரு யூரோவில் நூறில் ஒரு பங்கைக் கட்டணமாக வைத்தது! 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ வாங்கியே ஆக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வர 2023 அக்டோபர் ஆகிவிட்டது. ஒன்பது ஆண்டுகள். குறுக்கு வழியைக் கண்டு நான் சிரித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிரித்த பிறகு வெட்கமாகவும் இருந்தது.

சபதத்துக்கு வருகிறேன். 2024இல் அமேசானின் இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் கடையிலிருந்து வரவில்லை, மற்ற நிறுவனங்களுக்கு கணினித் திறனை வாடகைக்கு விடும் பிரிவிலிருந்து வந்தது. உங்கள் மகள் பார்க்கும் இணையதளங்களிலும் அவள் கைப்பேசியில் இருக்கும் செயலிகளிலும் பல அந்த வாடகை இடத்தில் ஓடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே கை கழுவிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. எதிர்ப்பைக் காட்ட ஒரு சபதம் என்றால் அது வேறு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் கேட்கும் சபதத்துக்கு விலையை உங்கள் நேரத்திலிருந்து அல்லவா கேட்கிறாள். விடுமுறை முடியும் வரை வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் கடைகடையாகப் போய் வாங்கிவரும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் ஒரு மாதத்துக்கு நீங்களும் சேர்ந்து சபதம் எடுக்கலாம்.

இதுவரை பேசியது அவர்கள் தவறு. நம் தவறு ஒன்று இருக்கிறது, அது அவசரம்.

போன வருடம் ஒரு நாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகம் ஆர்டர் செய்தேன். அன்றே வரும் என்று போட்டிருந்தது, ஒரு சொடுக்குதானே என்று சொடுக்கினேன். அந்த நோட்டு எனக்கு அடுத்த வாரம்தான் வேண்டும். இரவு ஒன்பது மணி சுமாருக்கு மழையில் ஓர் இளைஞர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை வைத்தார், கைப்பேசியில் அதைப் படம் எடுத்தார், படம் சரியாக விழுந்ததா என்று சட்டையில் திரையைத் துடைத்துப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். நான் கதவைத் திறந்தபோது படியில் அவருடைய ஈரக் காலடி மட்டும் இருந்தது. பெட்டி பெரியது. உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள் நடுவில் என் நோட்டு மல்லாந்து கிடந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவரை விரட்டியது நிறுவனம் என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அன்றே வேண்டும் என்று சொடுக்கியது என் விரல்.

மெதுவாக வந்தால் போதும் என்று நீங்கள் சொல்லும்போது உண்மையிலேயே சில மாறுகின்றன. ஒரே தெருவுக்கு உரிய பார்சல்கள் சேரும் வரை காத்திருந்து வண்டி புறப்படலாம். ஐம்பது வீட்டுக்கு ஒரே வண்டி போவது, ஐம்பது பேர் ஐம்பது காரில் கடைக்குப் போவதைவிடக் குறைவாகவே புகை கக்கும். வண்டி பாதி காலியாக ஓடினால் அந்த நியாயமும் போய்விடும். அம்மாவின் களிம்பு தீர்ந்துபோனால் உடனே வரவழையுங்கள். மற்றவற்றை வாரத்தில் ஒரே நாளுக்குச் சேர்த்து வையுங்கள்.

திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். இரண்டு அளவில் காலணி வாங்கி, பொருந்தாததைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எனக்கும் இருந்தது. அது மறுபடி அலமாரிக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த பொருளைப் பிரித்து, சோதித்து, மறுபடி கட்ட ஆகும் செலவு பல சமயம் பொருளின் விலையைத் தாண்டிவிடும், அப்போது அது குப்பைக்குப் போகிறது. 2021இல் ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் கிடங்கில், விற்காததும் திரும்பி வந்ததுமான பொருள்கள் அழிப்பதற்கென்று பெட்டி பெட்டியாகப் பிரிக்கப்படுவதை பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐடிவியின் செய்தியாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். புதிய மடிக்கணினிகள்கூட இருந்தன. உணவல்லாத விற்காத பொருள்களை அழிக்கக் கூடாது என்று பிரான்ஸ் சட்டம் போட்டு, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

மன்னிக்கவே முடியாதது என்று ஒன்றைச் சொல்வேன். கடைக்குப் போய், கடைக்காரரை அரை மணி நேரம் எடுத்துக் காட்டச் சொல்லி, அளவு பார்த்து, விளக்கம் கேட்டு, வாசலுக்கு வந்ததும் கைப்பேசியில் அதையே பத்து சதவீதம் குறைவாக ஆர்டர் செய்வது. அது ஒருவருடைய உழைப்பைத் திருடுவது. உங்கள் நிலையில் நீங்கள் செய்திருக்க வாய்ப்பில்லை. மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவள் நண்பர்கள் செய்திருப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் நல்லது. பெரிய தளத்தில் தேடுங்கள், மதிப்புரைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள், பொருளைச் செய்தவருக்குச் சொந்தக் கடையோ தளமோ இருந்தால் அங்கே வாங்குங்கள். தரகு மிச்சம் அவருக்கு. புத்தகம் என்றால் பதிப்பகத்திடமே கேட்கலாம்.

ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் சபதத்தைவிட அதை நிறுத்துவதில்தான் பலன் அதிகம். முன்கூட்டியே பணம் கட்டியவர் வேறு கடையை எட்டிப் பார்க்கமாட்டார், பார்த்தால் கட்டிய பணம் வீணாகிறதே என்று இருக்கும். நிறுத்துவது சுலபமாக இருக்காது. அமேசானின் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் நடைமுறைக்கு, ட்ராய் போரைப் பாடும் நெடுங்காவியமான 'இலியட்'டின் பெயரை நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில் சொன்னது. 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. கைவசம் அரை மணி நேரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மகள் ஊருக்குப் போவதற்குள் இன்னொன்றும் செய்யலாம். இருவரும் சேர்ந்து கடந்த ஆறு மாத ஆர்டர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வாங்கியதை எல்லாம் தள்ளிவிட்டு, ஏன் வாங்கினோம் என்றே நினைவுக்கு வராதவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை எழுதும் முன் என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வந்தன. அதில் ஒன்று பிரிக்காமலே என் அலமாரிக்கு மேல் இருக்கிறது, உள்ளே என்ன என்று பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.