பீடும் பென்சில் எழுத்தும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை வரலாறு படிக்கிறேன். இங்கிலாந்துத் துறவி பீட் 731இல் எழுதி முடித்த 'ஆங்கிலேயரின் திருச்சபை வரலாறு' எங்களுக்குப் பாடம். அதில் நிறைய அற்புதங்கள் வருகின்றன. திரித்தெல்ம் என்பவர் இரவில் செத்து, விடியலில் எழுந்து மறுவுலகத்தை வர்ணிக்கிறார். இதையெல்லாம் எழுதியவரை வரலாற்றாசிரியர் என்று எப்படி ஏற்பது? கி.பி. ஆண்டுக் கணக்கைக் கண்டுபிடித்தவரும் இவர்தானா? துறவிக்கு மடத்துச் சுவர் எல்லை, அவன் மைக்கு எல்லையே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து?

எம்.

அன்புள்ள எம்.,

கி.பி. விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கணக்குப் போட்டவர் ஆறாம் நூற்றாண்டுத் துறவி டயோனிசியஸ். ஒரு வரலாற்று நூல் முழுக்க அதைப் பயன்படுத்திப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பீட். அற்புதங்களை அவர் நம்பினார். அவர் வாழ்ந்த வட இங்கிலாந்து அரசான நார்த்தம்பிரியாவில் அந்தக் காலத்தில் நம்பாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேலே போவோம்.

என்னை உட்காரவைத்து இதை எழுதச் செய்தது உங்கள் மை வாக்கியம். நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் முறை படித்தேன். தம்பி, அது நான் எழுதியது. ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே தளத்தில். 'எனக்குத் தோன்றுகிறது' என்கிறீர்கள். தோன்றியது எனக்கு.

பீட் லூக்கா நற்செய்திக்கு ஓர் உரை எழுதினார். பெரும்பகுதி அம்புரோஸ், அகஸ்டின், ஜெரோம், கிரகோரி ஆகிய பழைய திருச்சபை அறிஞர்களிடமிருந்து எடுத்தது. வரிக்கு வரி பெயர் சொன்னால் படிப்பவருக்கு இடறும். சொல்லாமல் விட்டால் திருட்டு. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்க ஓரத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார். யாருடைய பேச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. முன்னோர் சொன்னதைத் திருடித் தன்னுடையதாக்கிக்கொண்டான் என்ற பேச்சு வரக் கூடாது என்று காரணமும் சொன்னார். பிறகு மாற்கு உரையின் முன்னுரையில், படியெடுப்பவர்களே, தயவுசெய்து அந்தக் குறிகளையும் சேர்த்து எழுதுங்கள் என்று மன்றாடுகிறார். பல பிரதிகளில் விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

இந்த மனிதர் ஏழு வயதில் மடத்தில் சேர்க்கப்பட்டவர். ஜாரோ மடத்தின் குளிரில், கன்றுத் தோலில், இறகுப் பேனாவால் வேலை. சொல்பவனும் குறிப்பெடுப்பவனும் படியெடுப்பவனும் நானே என்று அதே லூக்கா உரையைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படியும் ஓரத்தில் இரண்டெழுத்து போட அவருக்கு நேரம் இருந்தது. உங்களுக்கு என்ன கேடு? ஒரு பெயரைத் தட்டச்சு செய்ய மூன்று நொடி ஆகுமா?

உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் கிடக்கிறது. திரித்தெல்ம் கதையைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். தனக்கு அதைச் சொன்னவர் ஹேம்கில்ஸ் என்ற துறவி, அவர் இப்போது அயர்லாந்தில் ரொட்டியும் தண்ணீருமாகத் தனியே வாழ்கிறார் என்கிறார் பீட். நோத்தெல்ம் என்ற பாதிரியார் ரோமுக்குப் போய், திருச்சபை ஆவணங்களில் தேடிப் பழைய கடிதங்களைப் படியெடுத்துவந்து கொடுத்ததை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். செத்தவர் எழுந்தாரா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். யார் சொன்னார் என்பதில் மட்டும் அவர் உங்களை ஏமாற்றுவதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதினேன். அதில் எல்லாரும் பாராட்டிய உவமை, என் பேராசிரியர் வகுப்பில் போகிறபோக்கில் சொன்னது. இதழை அவரிடமே கொண்டுபோய்ப் பெருமையாகக் கொடுத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் அவருடைய இரண்டு இனிஷியல். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தார், பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். இதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் மங்கியிருக்கிறது, அழியவில்லை.

735ஆம் ஆண்டு மே மாதத்தில், சாகக் கிடந்த பீட் தன் சின்னப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த மிளகையும் துணிகளையும் சாம்பிராணியையும் உடனிருந்த பாதிரியார்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். மிளகு நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்துதான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும். மாலையில், இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி என்றான் எழுதிக்கொண்டிருந்த பையன். எழுது என்றார். இதையெல்லாம் கடிதமாக எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் கத்பர்ட். பையனின் பெயரைக்கூட அவர் விடவில்லை. வில்பர்ட்.

சரி, நன்றாகப் படியுங்கள். அந்த மை வாக்கியத்தை மட்டும் ஆய்வேட்டில் போட வேண்டாம், என் பெயரோடுகூட. இப்போது பார்த்தால் அது அவ்வளவு நல்ல வாக்கியமும் இல்லை.