உள்ளே வைத்த உலோகத்தை உடம்பு என்ன செய்யும்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து, மூட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். "தங்க மூட்டு வையுங்கள், உடம்பு நூறு சதவீதம் ஏற்றுக்கொள்ளும், ஆயுசுக்கும் கவலை இல்லை" என்கிறார்கள். சாதாரண மூட்டைவிட விலை மிக அதிகம். வாங்கலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: தங்க மூட்டில் தங்கம் இல்லை அம்மா. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டின் மேல் டைட்டானியம் நைட்ரைடு போன்ற ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சின் நிறம் பொன்னிறம், அவ்வளவுதான். உலோக அலர்ஜி உள்ளவர்களை மனதில் வைத்து வந்த பொருள் அது. அலர்ஜி இல்லாதவருக்குக் கூடுதல் ஆயுள் தரும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

"நூறு சதவீதம் ஏற்றுக்கொள்ளும்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். உடம்பு எந்த அந்நியப் பொருளையும் தன்னுடையதாக நினைப்பதில்லை. மூட்டை உள்ளே வைத்த சில நொடிகளிலேயே ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். அடுத்து வெள்ளை அணுக்கள் வரும். அவற்றில் பெருவிழுங்கி செல்கள் என்று ஒரு வகை. கிருமியைப் பார்த்தால் அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். ஒரு முழு மூட்டை எப்படி விழுங்குவது? பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து ராட்சத செல்லாகிக்கூடப் பார்க்கும், முடியாது. அப்புறம் அதே பெருவிழுங்கிகள் சண்டையை விட்டுவிட்டு, பழுது பார்க்கும் வேலைக்கு மாறும். புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கும், நார்த்திசுவை வளர்க்கச் சொல்லும். தையல் ஆறுகிறது என்று நாம் சொல்வதற்குள் இவ்வளவும் அடக்கம்.

பல ஆண்டு கழித்து வரும் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானம். இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டு ஒன்று இருக்கும். நடக்க நடக்க அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் உதிரும். தூளைப் பெருவிழுங்கிகள் விழுங்கிவிடும், செரிக்க முடியாது. விடாமல் அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும். சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு ஆட ஆரம்பிக்கும். கிருமியே இல்லாமல் இது நடக்கிறது.

அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: இந்த மாடல் எத்தனை வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது, நீங்கள் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள்? புதுசு என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உலோகத்தின் மேல் உலோகம் உரசும்படி செய்த ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டும் ஒரு காலத்தில் புதுசுதான். அதை டீபியூ நிறுவனம் 2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உதிர்ந்த கோபால்ட், குரோமியம் சுற்றுத் தசையையே கெடுத்திருந்தன. நம் நாட்டிலும் அதைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு நஷ்டஈடு தர மத்திய அரசு குழு அமைக்க வேண்டி வந்தது. மறுபக்கம், 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி முழங்கால் மூட்டை முழுதாக மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு அது 25 ஆண்டு தாங்கியிருக்கிறது. பல்லாண்டு முன்பு வைத்த வழக்கமான மூட்டுகள் அவை.

விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் மூட்டுக்கு 76,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஜிஎஸ்டி தனி. பிறகு விலை மாறியிருப்பதால் இன்றைய வரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். பில்லில் மூட்டின் விலை, கம்பெனி பெயர், பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும்.

என் அத்தைக்கு மூட்டு மாற்றியபோது பில்லில் "இம்பிளான்ட் – 1" என்று ஒரே வரி. கேட்டுக் கேட்டு மூன்றாம் நாள்தான் கேஸ் ஷீட்டைக் காட்டினார்கள். பின்பக்கம் நான்கு சின்ன ஸ்டிக்கர்கள். தொடை எலும்புப் பாகம், கால் எலும்புப் பாகம், பிளாஸ்டிக் தட்டு, சிமெண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அளவு, லாட் எண் (பேட்ச் எண் என்பதும் இதுதான்), காலாவதி தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இந்த ஸ்டிக்கர்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு மாடலைத் திரும்பப் பெற்றால் அம்மா காலில் இருப்பது அதுதானா என்று சொல்லப்போவது இந்தச் சின்னக் காகிதம் மட்டும்தான்.

இன்னொன்று. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பூச்சுக்குச் செலவழிக்கும் முன் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும்.

கேள்வி: மகளுக்கு கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிவிடும். இப்போது கை எலும்பு முறிந்து பிளேட் வைக்க வேண்டும். ஸ்டீலா, டைட்டானியமா?
வாசகர், விருதுநகர்

பதில்: கம்மலில் உள்ள நிக்கல்தான் அந்தப் புண்ணுக்குக் காரணமாக இருக்கும். எலும்புக்கு வைக்கும் ஸ்டீலிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிக்கல் உண்டு. ஆனால் தோலில் காவல் இருக்கும் செல்கள் வேறு, எலும்பருகே இருப்பவை வேறு. கம்மல் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் ஸ்டீல் பிளேட் தொந்தரவு தருவதில்லை. இருந்தாலும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டுப்படியானால் உங்கள் மகள் விஷயத்தில் டைட்டானியத்துக்குக் கூடுதல் பணம் தருவது நியாயம்தான்.

கேள்வி: "மூன்றே நாளில் நிலையான பல்" என்று விளம்பரம். நம்பலாமா?
வாசகர், சேலம்

பதில்: சிலருக்கு முடியும். தாடை எலும்பு அடர்த்தியாக இருந்து, பல்லைத் தாங்க அதில் பதிக்கும் டைட்டானியத் திருகு முதல் நாளே இறுக்கமாகப் பிடித்தால் சீக்கிரம் பல் கட்டலாம். மற்றவர்களுக்கு டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஸ்வீடன் மருத்துவர் பிரானெமார்க் 1950களில் முயல் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனபோதுதான் இந்த ஒட்டுதலையே கண்டார். ஸ்கேன் எடுக்காமலேயே நாள் குறிப்பவரிடம் போகாதீர்கள். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

கேள்வி: மூட்டு மாற்றி எட்டு மாதம். திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம். இன்றே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். உலோகத்தில் ஒட்டிய கிருமிகள் பிசின் போன்ற ஒரு படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வெள்ளை அணுக்களும் மாத்திரையும் அங்கே எளிதில் எட்டாது. ஊசியால் நீர் எடுத்துக் கிருமியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு முன் மாத்திரை போட்டால் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். பொருளிலேயே குறை என்று தெரிந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் பதியலாம். அப்போது அந்த ஸ்டிக்கரில் உள்ள லாட் எண்ணைக் கேட்பார்கள்.