விதி பிடிக்காதவர் சோம்பேறியா?

கேள்வி: அக்கா, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதை நடத்தும் டிஎம் நான்தான். இரண்டு மாதம் முன்பு, கேரக்டர் தூக்கும் சுமைக்கு எடைக் கணக்கு வைக்கும் விதியைக் கொண்டுவந்தேன். அதிலிருந்து, துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் நண்பர் வருவதில்லை. என் மாமா மகள் பிரமாதமாக வசனம் பேசுவாள். பேசி முடித்ததும் பகடை உருட்டச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. என் தம்பி எதற்கும் வாய் திறப்பதில்லை. கல்லூரி நண்பன் ஒருவனுக்கு மட்டும் புத்தகத்தில் உள்ள எல்லா விதியும் வேண்டும். "ரூல்ஸ் பிடிக்காதவங்க மூளைக்கு வேலை கொடுக்காத சோம்பேறிங்க" என்கிறான். நடுவில் ஒரு மாதம் இதே மாதிரி இன்னொரு கதை ஆட்டமான அபோகாலிப்ஸ் வேர்ல்டு ஆடிப் பார்த்தோம். அது அவனுக்கே பிடிக்கவில்லை. அவன் சொல்வது சரியா? — பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: தப்பு தம்பி. அந்தப் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் ஆயா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து விற்றவர். கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ராயபுரத்து வீட்டுத் திண்ணையில் தாயம் ஆட உட்கார்ந்தால், கட்டை உருண்டு நிற்பதற்குள் எந்தக் காய் எங்கே போகும் என்று சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் வீட்டு ஆட்டத்தில் இருந்த ஒரு விதி அவருக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போக முடியும். "யாரையும் வெட்டாம பழம் ஏறக்கூடாதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பேரப்பிள்ளைகளோடு சிரித்துப் பேச உட்கார்ந்தவரை, அந்தப் பேரப்பிள்ளைகளின் காயையே வெட்டச் சொன்னது அந்த விதி. ஆயாவுக்கு விதி புரியாமல் இல்லை. அது கேட்ட வேலையைச் செய்யத்தான் மனசு வரவில்லை.

உங்கள் மாடியிலும் இதுதான் நடக்கிறது. விதி என்றால் அது ஆடுபவரிடம் ஏதோ ஒரு வேலையைக் கேட்கும். இதை எண்ணு, இதைக் கவனி, இப்போது கதையை விட்டு வெளியே வந்து ஒரு முடிவு எடு என்று சொல்லும். வந்தவர் எதற்காக வந்தாரோ அதற்கு அந்த வேலை உதவினால் விதி இருப்பதே தெரியாது. குறுக்கே வந்தால், எவ்வளவு நல்ல விதியானாலும் கசக்கும்.

துறைமுக நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுவந்தது 2014 பதிப்பில் உள்ள விதி என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். கேரக்டரின் வலிமை எண்ணை ஐந்தால் பெருக்கி, அத்தனை பவுண்டுக்கு மேல் சுமந்தால் வேகம் 10 அடி குறையும். வலிமை 10 என்றால் 50 பவுண்டு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 23 கிலோ. கயிறு எவ்வளவு, தீப்பந்தம் எவ்வளவு, நாணயம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் முழுக்க எடையும் எண்ணிக்கையும் எழுதிவிட்டு வரும் மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே நோட்டா? அந்தப் புத்தகமே இதை விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் விதியாகத்தான் கொடுத்திருக்கிறது. தாராளமாக எடுத்துவிடலாம்.

இத்தனை எண்ணிக்கை இந்த ஆட்டத்துக்குள் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இதை வெளியிட்டபோது, அட்டையில் இருந்த துணைத் தலைப்பே இது போர் விளையாட்டுக்கான விதிகள் என்றுதான் சொன்னது. மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, தூரம் அளந்து ஆடிய பழக்கத்திலிருந்து பிறந்த ஆட்டம் இது. அளப்பதிலும் எண்ணுவதிலும் சுகம் காண்பவர்களுக்கு அது விருந்து. உங்கள் கல்லூரி நண்பர் அந்த ரகம். அது நல்ல ரகம்தான்.

சுமைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால், 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தின் வழியைப் பாருங்கள். கிளம்பும் முன் லேசான சுமையா, நடுத்தரமா, கனமா என்று மட்டும் சொன்னால் போதும். பொருள்களுக்கு முறையே 3, 5, 6 இடங்கள் கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை, தேவைப்படும் நேரத்தில் "பையில் கயிறு இருக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு நோட்டே தேவைப்படாது.

அடுத்தது உங்கள் மாமா மகள். எனக்கு அதிகமாக வருத்தம் தந்த இடம் இதுதான். கோட்டைக் காவலனிடம் அவள் ஐந்து நிமிடம் கெஞ்சி, மிரட்டி, பொய் சொல்லிப் பேசியிருப்பாள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டிருப்பீர்கள். அப்புறம் இருபது முகப் பகடையில் 3 விழும், காவலன் அசையவே மாட்டான். அவள் பேசியது அத்தனையும் வீண். இது யாருக்குத்தான் பிடிக்கும்?

அதற்காகப் பேச்சுக்குப் பகடையே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள். உங்கள் தம்பியை நினையுங்கள். வாய் திறக்காத பையன், கதையில் நாவன்மை உள்ள இளவரசனாக இருக்க ஆசைப்படலாம். "என் கேரக்டர் காவலனைச் சமாதானப்படுத்துகிறான்" என்று ஒரே வரி சொல்லி உருட்டினால் அவனாலும் அது முடியும். அந்தப் பகடையை எடுத்துவிட்டால், நிஜத்தில் பேசத் தெரிந்தவர்தான் கதையிலும் பேச முடியும். மாமா மகளுக்கு முட்டுக்கட்டையாக இருக்கும் அதே விதிதான் தம்பிக்குக் கைத்தடி. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் உருட்டட்டும், விழுந்த எண்ணுக்கு ஏற்ப அவள் பேசி நடிக்கட்டும். தோற்பதாக விழுந்தால், உளறி மாட்டிக்கொள்வதை அவளே அழகாக நடித்துக் காட்டுவாள். முன்னாலேயே பேசியே தீருவேன் என்றால், நல்ல பேச்சுக்கு இரண்டு பகடை கொடுத்துப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 11க்கு மேல் தேவைப்படும் இடத்தில் (11ஐயும் சேர்த்து) வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகும். புத்தகத்தில் உள்ள வழிதான் இது. கல்லூரி நண்பரும் மறுக்க மாட்டார்.

அவருக்கு அபோகாலிப்ஸ் வேர்ல்டு ஏன் பிடிக்கவில்லை என்று அவரிடமே கேட்டீர்களா? 2010இல் வந்த அந்த ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டி, கேரக்டரின் திறன் எண்ணையும் சேர்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 6க்குள் என்றால் தோல்வி. 7, 8, 9 விழுந்தால் பெரும்பாலும் நினைத்தது நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. திறன் எண் பூஜ்யம் என்றால், மொத்தம் 36 விதமாக விழும் பகடையில் 15 விதம் இந்த நடுவில் வந்து நிற்கும். அந்த விலை என்ன என்பதை அநேகமாகக் கதை நடத்துபவர்தான் அந்த நேரத்தில் யோசித்துச் சொல்வார். முன்கூட்டியே எல்லாம் கணித்து, திட்டம் போட்டு ஜெயிப்பதில் மகிழ்கிறவருக்கு இது வதை. கதை எங்கே திரும்பும் என்று காத்திருப்பவருக்கு அதே இடம்தான் தித்திப்பு. இத்தனை விதியைப் படித்து வைத்திருக்கும் அவருக்கே ஒரு விதி பிடிக்கவில்லையே, அவரும் சோம்பேறியா? கோபப்படாமல், இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். அவருக்குப் புரியும்.

அவருடைய ஆசையையும் கைவிட வேண்டாம். சண்டைக் காட்சிகளில் கட்டம் போட்டு, தூரம் எண்ணி, விதி பிசகாமல் ஆடுங்கள். எல்லோருக்கும் அது வேண்டியிருக்காது என்பதால் ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பெரிய சண்டை போதும்.

துறைமுக நண்பருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எடைக் கணக்கை எடுத்துவிட்டதாகச் சொல்லுங்கள். இந்த இரண்டு மாதத்தில் அவருடைய கேரக்டர் எங்கே போயிருந்தான் என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.