டிப்ளமோ சிவிலுக்குப் பிறகு கட்டுமான மேலாண்மை: எந்தப் பட்டம், எந்த வழி?

கேள்வி: எனக்கு வயது 24. சொந்த ஊர் தொண்டி. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடுகள், கடைகள், சின்ன மண்டபங்கள் என்று வேலை ஓடுகிறது. கத்தாரில் இருக்கும் மாமா, "கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் டிகிரியோடு வா, நல்ல இடத்தில் சேர்த்துவிடலாம்" என்கிறார். ராமநாதபுரத்தில் ஒருவர், வேலையை விடாமலே ஒரே வருடத்தில் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் 'பி.டெக். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்' வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? இல்லை, வேறு என்ன படிக்கலாம்?

பதில்: தம்பி, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

டிப்ளமோ முடித்தவர் பி.இ. அல்லது பி.டெக். படிக்க, நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரே வருடத்தில் தரப்படும் பி.டெக். என்று எதுவும் கிடையாது. பொறியியல் பட்டத்தை அஞ்சல் வழியில் நடத்தவும் அனுமதி இல்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஏற்க மறுத்துவிட்டது. பணம் கட்டி, பரீட்சையும் எழுதி, வேலையிலும் சேர்ந்த பிறகு பட்டம் செல்லாது என்று கேட்ட குடும்பங்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வளைகுடா நாடுகளில் இன்ஜினியர் என்று பதிவு செய்யும்போது சான்றிதழ் உண்மையா என்று கொடுத்த பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். அங்கே போய் மாட்டிக்கொண்டால் பணத்தோடு விசாவும் போய்விடும்.

ஊரில் மூத்தவர்கள் சிலர் "ஏ.எம்.ஐ.இ. எழுதுப்பா, வீட்டிலிருந்தே இன்ஜினியர் ஆகலாம்" என்றும் சொல்லியிருப்பார்கள். அது பொறியாளர் சங்கம் நடத்தும் தேர்வு, அவர்கள் காலத்தில் நல்ல வழிதான். ஆனால் 2013 மே 31-க்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களுக்கு பி.இ.க்கு இணையான தகுதி கிடைப்பதில்லை. அதையும் விட்டுவிடுங்கள்.

சரி, கட்டுமான மேலாண்மையே படிக்கலாமா? கட்டாயம் படிக்கலாம். ஆனால் முதல் பட்டம் சிவிலாகவே இருக்கட்டும், மேலாண்மை அதற்கு மேல் வரட்டும். இளநிலையிலேயே கட்டுமானத் தொழில்நுட்பம் படிக்க அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் போன்ற நல்ல இடங்கள் உண்டு. அவை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பொருந்தும். உங்களுக்கு பி.இ. சிவில்தான் கதவுகளைத் திறக்கும். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கு நாளைக்கே மனம் வந்தால், சிவில் என்ற பெயர் இருந்தால் கேள்வியே எழாது. வேறு பெயரில் பட்டம் இருந்தால் அது சிவிலுக்கு இணையா என்று அரசாணை தேடி அலைய வேண்டும். மாமா சொல்லும் கத்தாரிலும் இன்ஜினியராக வேலை பார்க்கப் பதிவும் தேர்வும் உண்டு. குவைத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தியப் பொறியாளரின் படிப்புக்கு, ஒவ்வொரு பாடப்பிரிவின் தரத்தையும் தனியாகச் சோதித்துத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கல்லூரிக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இருப்பது வேறு, அந்தக் கல்லூரியின் சிவில் துறைக்கு என்.பி.ஏ. இருப்பது வேறு. சேரும் முன்பு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், சிவிலுக்கு இருக்காது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

உங்களுக்கு நேர்வழி லேட்டரல் என்ட்ரி. அரசின் கலந்தாய்வு வழியாக பி.இ. சிவில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. தேவகோட்டை வழியாகப் போனால் காரைக்குடியில் அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்றால் பகுதிநேர பி.இ. நடத்தும் அரசுக் கல்லூரிகளும் உண்டு. அதுபோக, வேலை பார்ப்பவர்களுக்காக நேரத்தை மாற்றி வைத்து வகுப்பு நடத்த சில கல்லூரிகளுக்கு 2023 முதல் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி தருகிறது. இதற்குக் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும், வேலை பார்க்கும் இடமும் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அதைக் காட்டும் கடிதத்தைக் கான்ட்ராக்டரிடம் இப்போதே லெட்டர்பேடில் வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள்.

லேட்டரல் என்ட்ரியில் ஒரு கஷ்டம் உண்டு. நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காருவீர்கள். முதலாண்டு மாணவர்கள் இரண்டு செமஸ்டர் கணக்குப் பாடம் முடித்திருப்பார்கள், நீங்கள் முடித்திருக்க மாட்டீர்கள். சைட்டில் புலியாக இருக்கும் டிப்ளமோ பையன்கள் கணக்கில் அரியர் வைத்து மனம் உடைவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேருவதற்கு முன்பே வகையீடு, தொகையீடு, அணிகள் மூன்றையும் பழைய டிப்ளமோ புத்தகத்தை வைத்து தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கலந்தாய்வுக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி மேலாண்மைக்கு வருவோம். அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்தால்தான் அது உங்களுக்கு வேண்டுமா என்று உங்களால் முடிவெடுக்க முடியும். திட்டமிடல், மதிப்பீடு, டெண்டரும் ஒப்பந்தமும், பொருள் கொள்முதல், இயந்திரங்கள், தரம், பாதுகாப்பு, தொழிலாளர் சட்டம், பண ஓட்டம். பெயர்கள்தான் பெரிதாகத் தெரியும். விஷயம் உங்கள் சைட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு மாடி வீட்டின் ஸ்லாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் லிண்டலைத் தாண்டி மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகத் தட்டும் முட்டும்), கம்பி கட்டு, எலக்ட்ரிக்கல் பைப், கான்கிரீட். எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் வரவில்லை என்றால் கான்கிரீட் இரண்டு நாள் தள்ளும், சென்ட்ரிங் ஷீட்டுக்கு வாடகை ஓடும், வீடு முடிகிற தேதியே இரண்டு நாள் தள்ளும். அதே இரண்டு நாள் காம்பவுண்டுச் சுவர் கொத்தனார் வரவில்லை என்றால் வீட்டுத் தேதிக்கு ஒன்றும் ஆகாது. எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் கணக்குதான் கிரிட்டிக்கல் பாத். வகுப்பில் இதை அம்புக்குறி போட்டுச் சொல்லித் தருவார்கள், கம்பெனியில் பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் போடச் சொல்வார்கள். சைட் பார்த்தவனுக்கு இது ஒரே நாளில் புரியும். சைட் பார்க்காதவன் மனப்பாடம்தான் செய்வான். நீங்கள் சைட்டில் கழித்த மூன்று ஆண்டுகளின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

நம் கடற்கரையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456: 2000-இன்படி, கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட் 'கடுமையான' சூழலில் இருப்பது. கம்பி போட்ட கான்கிரீட் என்றால் வலிமை குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடல் 45 மில்லிமீட்டர். கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. நம் கரையோர ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, டேங்கர்தான் கதி. சாம்பல் போன்றவை கலந்த பி.பி.சி. சிமென்ட் போட்டால் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அத்தனை நாளுக்கும் டேங்கர் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது, வீட்டுக்காரரா கான்ட்ராக்டரா? ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் ஐந்தாம் நாளே தண்ணீர் நின்றுவிடும், சில ஆண்டுகளில் ஸ்லாப்பின் அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும். மூடலுக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை 25 மில்லிமீட்டரில் வைத்தாலும் அதே கதி. விதி எல்லா இன்ஜினியருக்கும் தெரியும். அந்த விதிக்கான செலவை மதிப்பீட்டிலும் ஒப்பந்தத்திலும் முதல் நாளே எழுதி வைப்பவன்தான் மேலாளர்.

ஆள் கணக்கும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் கரையில் ஆள் கிடைக்கும், படகு இறங்கியதும் குறையும். ஏர்வாடி சந்தனக்கூடு, தேவிபட்டினத்தில் ஆடி அமாவாசை, ரம்ஜான் நோன்பு, அக்டோபரில் தொடங்கும் வாடை மழை எல்லாம் உங்கள் காலண்டரில் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சொல்லாது.

நம் மாவட்டத்திலேயே இந்தத் துறைக்குப் பெரிய பாடம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சரிசெய்ய ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்த கர்டர்களையே (பாலத்தின் இரும்பு உத்தரங்கள்) தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். புதிதாகச் செய்து கொண்டுவரக் காத்திருந்தால் மாதங்கள் ஓடியிருக்கும். எது நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடித்து அதை முதலில் வெட்டியதுதான் அந்த 46 நாளின் சூட்சுமம் என்று நான் நினைக்கிறேன். அவர் படித்தது சிவில்தான். பக்கத்திலேயே நிற்கும் புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்கள். கப்பல் போக மேலே தூக்கும் 72.5 மீட்டர் நீளப் பகுதி, துருவைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, நடுவில் கொரோனா. இரண்டையும் சேர்த்து வைத்து ஏன் ஒன்றுக்கு நாட்களும் மற்றொன்றுக்கு ஆண்டுகளும் ஆயின என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பழுதுபார்ப்பும் புதுக்கட்டுமானமும் எப்படி வேறுபடுகின்றன என்பது அதிலேயே புரியும்.

பி.இ. முடித்து ஓரிரு ஆண்டு வேலை பார்த்த பிறகு முதுநிலைக்குப் போங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் சேர்ந்த எம்.இ. இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் எம்.டெக். இருக்கிறது. இதற்கு கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதுங்கள். மதிப்பெண்ணோடு முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு, வீட்டுக்குப் பாரமாக இருக்க மாட்டீர்கள். புனே, ஹைதராபாத்தில் இருக்கும் நிக்மார் கல்வி நிறுவனம் இந்தத் துறைக்கென்றே பெயர் பெற்றது. ஆனால் அங்கே கட்டணம் பல லட்சம். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் முதலில் கேட் எழுதிப் பாருங்கள் என்பேன். எம்.பி.ஏ.வை மட்டும் யு.ஜி.சி. அனுமதி உள்ள பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம், அது செல்லும். ஆனால் அதற்கும் முதலில் ஒரு பட்டம் வேண்டும், டிப்ளமோவை வைத்துச் சேர முடியாது.

லேட்டரல் விண்ணப்பம் பொதுவாகக் கோடையில் வரும். அதுவரை இரண்டு காரியம் செய்யுங்கள். என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் திட்டமிடல், கட்டுமான மேலாண்மை பற்றிய ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் சுமார் 1000 ரூபாய் தேர்வுக் கட்டணம். இரண்டாவது, ஒரு நீள நோட்டு வாங்கி சைட்டில் தினமும் எழுதுங்கள். எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை சதுர அடி பூச்சு, வேலை நின்றால் எதனால் நின்றது, எத்தனை மணி நேரம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் தொண்டிக் காற்றில் ஒரு நாளில் எவ்வளவு பூசுவார்கள் என்ற உங்கள் சொந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மாமாவிடமும் ஒன்று கேளுங்கள்: அவர் கம்பெனி விளம்பரத்தில் கேட்கும் தகுதி என்ன, எந்தப் பதிவு வேண்டும் என்று அந்த வரியை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் பி.இ. சிவில் என்றுதான் இருக்கும்.