எக்ஸ்ரேயில் செல் (எறிகணை) துண்டு தெரிந்த பிறகும் ஏன் ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள்?

முள்ளிவாய்க்காலில் பட்ட துண்டு கெண்டைக்காலில் கிடக்கிறது, எக்ஸ்ரே கையில் இருக்கிறது, பிறகு எதற்கு ஒலி அலையால் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்ரே துண்டு இருப்பதைக் காட்டும். தோலிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் ஆழம், பக்கத்தில் நரம்போ குருதிக்குழாயோ ஓடுகிறதா என்பதை அது சொல்லாது. வெட்டப் போகிறவருக்கு அதுதான் தேவை. பனங்கருக்குச் சிலாம்பு, வேலமுள் போன்றவை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஸ்கானில் தெரியும்.

மேலோட்டமான இடத்துக்கு 10 முதல் 15 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி அனுப்பும், முனை தட்டையான கருவி போதும். சில சென்ரிமீற்றர் ஆழம்வரை பார்க்கலாம். 20 மெகாஹேர்ட்ஸில் தோலின் அடுக்குகளே பிரிந்து தெரியும், ஆனால் ஆழம் ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும்.

ஜெல்லைத் தடிப்பாகப் பூசி, கருவியை அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் நாளங்கள் நசுங்கி மறைந்துவிடும், ஆழக் கணக்கும் பிழைக்கும். இரும்பு பளிச்சென்ற கோடாகவும் அதன் கீழே வால்போல மங்கும் கோடுகளாகவும் விழும். சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் அழற்சி அல்லது சீழ். புதிதாகக் கிளறிய காயத்தில் காற்றுக்குமிழியும் இரும்புபோலவே மினுங்கி ஏமாற்றும். குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். துண்டின் இடத்தைத் தோலில் பேனையால் குறித்தால், சத்திரசிகிச்சையின்போதும் கால் அதே நிலையில் இருக்க வேண்டும். மடக்கினால் குறி விலகும்.

எம்.ஆர்.ஐ.க்கு (வலிய காந்தத்தால் எடுக்கும் ஸ்கானுக்கு) அனுப்பினால் உடம்பில் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். காந்தம் இரும்பை இழுக்கும். கண், முள்ளந்தண்டு அருகில் என்றால் மிக ஆபத்து.