கோயில் திருவிழா மியூசிக் சோவுக்குப் போட்டு வந்தா காது இரையுது, காப்பாத்த வழி இருக்கோ?

இருக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஸ்பீக்கர் பொக்ஸ் அடுக்கி வைச்சு அடிக்கேக்க முன்னுக்கு நிண்டா சத்தம் 100 டெசிபலும் (சத்தத்தை அளக்கிற அலகு) தாண்டக்கூடும், 85 எண்டா 8 மணித்தியாலம் தாங்கலாம் எண்டு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடேக்கயும் நேரம் பாதியாகும், அப்ப 100இல வெறும் 15 நிமிசம்தான். உள்காதில சத்தத்தை உணருற மயிர்க்கலங்கள் செத்தா திரும்ப முளைக்காது. பஞ்சு வைக்கிறது சும்மா பேருக்குத்தான், பாமசியில ஃபோம் இயர்பிளக் கேளுங்கோ, உருட்டி மெலிசாக்கி, காதை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, விரியுமட்டும் விரலால அமத்துங்கோ. பொக்ஸில இருந்து தள்ளியும் நில்லுங்கோ. சின்னப் பிள்ளையளைத் தோளில தூக்கிக்கொண்டு பொக்ஸுக்கு முன்னால நிக்கிற அப்பாமாரைக் கண்டா எனக்கு விசர் வரும். இரைச்சல் ரெண்டு நாளாகியும் நிக்காட்டி காது மூக்கு தொண்டை டொக்டரிட்டப் போங்கோ, திடீரெண்டு ஒரு காது கேக்காம விட்டா அண்டைக்கே போங்கோ, எண்ணெய் காய்ச்சி ஊத்த வேண்டாம்.