சாக்கடை நாற்றம், மீன் வாடை, மூத்திர வாடை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வாராவாரம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தும் பாத்ரூமில் சாக்கடை நாற்றம் போகவில்லை. கூடவே ஆசிட்டும் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டதும் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய பாத்ரூமில் மூச்சை அடைத்துவிடும். டாய்லெட் கழுவும் நீலத் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான், அதையும் சேர்க்காதீர்கள்.

இந்த நாற்றம் தரையில் இல்லை. தண்ணீர் போகும் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். பல வீடுகளில் அடியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அதன் விளிம்பு தண்ணீரில் முங்கியிருக்கும்வரை குழாய் வாயு மேலே வராது. தண்ணீர் மெதுவாகப் போகிறதென்று அந்தக் கிண்ணத்தையே கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு, அப்புறம் எதைக் கொட்டியும் பயனில்லை. கிண்ணம் இருந்தால் கையுறை போட்டு முடியையும் சோப்புக் கசடையும் வழித்தெடுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 3 மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து ஊற்றி, அரை மணி கழித்து அலசுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் நெளியும். புழங்காத பாத்ரூமில் வாரம் ஒரு மக் தண்ணீர் விடுங்கள். ஊருக்குப் போவதென்றால் மேலே 2 ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது.

கேள்வி: ஃப்ரிட்ஜில் மீன் வாடை. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து துடைத்தேன், பலனில்லை.

பதில்: நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடப்பதுபோல இருக்கும். நடப்பதெல்லாம் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதுதான். மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. அதை அடக்க அமிலம் வேண்டும். மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அதற்குத்தான். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள், கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளும் துணியை விட்டு. காய்ந்த பிறகு, அகலக் கிண்ணத்தில் 100 கிராம் சோடாவைத் திறந்து வைக்கலாம். புளித்த பால் வாடைக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். பின்பக்கம் தண்ணீர் சேரும் தட்டையும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழுவுங்கள்.

கேள்வி: மெத்தையில் குழந்தையின் மூத்திர வாடை?

பதில்: பிளீச் வேண்டாம், மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அதுவும் நச்சு வாயுவாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 250 மி.லி. எடுங்கள். 3 மேசைக்கரண்டி சமையல் சோடாவும் 2 சொட்டு பாத்திர லிக்விடும் சேர்த்து, உடனே தெளித்து வெயிலில் காயவிடுங்கள். சாயம் போகலாம், ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும்.